ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கே தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம் வழியாகக் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளுகிறது எங்கள் மாவட்டத்தின் கரை. நடுவில் கடலுக்குள் கை நீட்டியதுபோல் ராமேஸ்வரம் தீவு. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அந்தத் தீவை மட்டும், அதுவும் அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் இன்னும் கொஞ்சம் தங்க வேண்டும் என்ற ஆசையில், வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

குறைந்தது மூன்று நாள். முதல் நாள் கோயிலும் ஊரும், இரண்டாம் நாள் தனுஷ்கோடியும் பாம்பனும், மூன்றாம் நாள் தீவை விட்டு வெளியே வந்து கீழக்கரை, திருப்புல்லாணி, ராமநாதபுரம் அரண்மனை. காலையில் மதுரையிலிருந்து கிளம்பி, தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, தனுஷ்கோடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இரவே மதுரைக்குத் திரும்பும் வேன் பயணங்கள் நிறைய நடக்கின்றன. அப்படி வருகிறவர்கள் வெயிலையும் வரிசையையும்தான் அதிகம் பார்க்கிறார்கள். இந்தக் கரையின் அழகு விடியற்காலையிலும் மாலையிலும் இருக்கிறது. அந்த இரண்டு நேரமும் வேனுக்குள் கழிந்துவிட்டால் வந்தும் பயனில்லை.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

இங்கே மாதத்தைக் கேட்பதைவிடக் காற்றைக் கேட்பது நல்லது. எங்களுக்கு இரண்டு கடல். தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று வீசும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரை, வைகாசிக்குப் பிறகு தெற்கும் மேற்குமாகக் காற்று திரும்பியதும் தென்கடல் பொங்கும், வடகடல் குளம்போல ஆகிவிடும். ஒரே நாளில், சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கடல் இரைந்துகொண்டிருக்க, அந்தப் பக்கம் இன்னொரு கடல் அசையாமல் கிடப்பதைத் தனுஷ்கோடிச் சாலையில் கண்ணால் பார்க்கலாம். ஆண் கடல், பெண் கடல் என்று ஆட்டோக்காரர்கள் காட்டுவது இதைத்தான்.

வருகிறவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை மிகவும் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் கடுமையாகியிருக்காது, பறவைகளும் இருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். பிடிவாதம் வேண்டாம். ஏப்ரல், மே வெயில் கொளுத்தும். ஆனால் நுங்குக்கும் பதநீருக்கும் அதுதான் காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று பலமாக வீசும். தனுஷ்கோடியில் மணல் பறந்து முகத்தில் அறையும், கைக்குழந்தையோடு போனால் சிரமம்.

எப்படி வந்து சேர்வது?

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ராமேஸ்வரத்துக்கு நேரடி ரயில்கள் உண்டு. விமானத்தில் வருபவர்கள் மதுரையில் இறங்க வேண்டும். அங்கிருந்து சாலை வழியாக சுமார் 170 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து தீவுக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் போன்ற இடங்களுக்கும் ராமநாதபுரம்தான் மையம். ஆகவே ஓர் இரவாவது அங்கே தங்கினால் அலைச்சல் குறையும்.

பாம்பன் பாலத்தை நின்று பார்க்க முடியுமா?

ரயிலில் கடப்பது ஒரு அனுபவம். ரயில் கடப்பதைச் சாலைப் பாலத்திலிருந்து பார்ப்பது இன்னொரு அனுபவம். இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

பழைய ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியின் இரண்டு சிறகுகளும் பிரிந்து மேலே எழும். அவற்றைத் தூக்கியது மின்சாரம் அல்ல, மனிதக் கைகள். இருபுறமும் தொழிலாளர்கள் நின்று நெம்புகோல்களைச் சுற்றிச் சுற்றித்தான் திறப்பார்கள். 1964 புயலில் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தும், நடுவிலிருந்த அந்தத் தூக்குப் பகுதி தப்பியது. சில மாதங்களிலேயே சீரமைத்து மறுபடி ரயில் ஓட்டினார்கள். உப்புக்காற்று அரித்து வலுவிழந்ததால் 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. இதன் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி, இரு கோபுரங்களுக்கு இடையே படுத்தவாக்கிலேயே 17 மீட்டர் செங்குத்தாக மேலே போகும். அதற்குக் கீழே படகுகள் வரிசை கட்டி வடகடலிலிருந்து தென்கடலுக்கு மாறும். பாலம் எப்போது தூக்கப்படும் என்பதைப் பாம்பனில் விசாரித்தால் தெரிந்துகொள்ளலாம். அந்தக் காட்சி கிடைத்தால் அன்றைய மற்ற வேலைகளைத் தாராளமாகத் தள்ளிப்போடுங்கள்.

சாலைப் பாலம் 1988-இல் வந்தது. அதில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பாலத்தின் நடுவில் வேனை நிறுத்திக் குழந்தைகளை இறக்கிவிடுகிறார்கள். பஸ்களும் லாரிகளும் விரைந்து வரும் இடம் அது. தீவுப் பக்கமோ மண்டபம் பக்கமோ வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, நடைபாதையில் நடந்து வாருங்கள். காற்று பலமான நாளில் தொப்பியும் துண்டும் கடலுக்குப் போய்விடும், பிடித்துக்கொள்ளுங்கள்.

ராமநாதசுவாமி கோயிலில் தீர்த்தமாடும் முறை என்ன?

முதலில் கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் அக்னி தீர்த்தம். அது கடல்தான். அதில் மூழ்கி எழுந்து, ஈரத் துணியோடு கோயிலுக்குள் வந்தால், உள்ளே 22 தீர்த்தங்கள். பெரும்பாலானவை கிணறுகள். டிக்கெட் எடுத்துக்கொண்டு வரிசையில் போக வேண்டும். கிணற்றின் சுவர்மேல் ஒருவர் நின்றுகொண்டு, கயிறு கட்டிய சிறு வாளியை விட்டு இறைத்து, குனிந்து நிற்பவர்களின் தலையில் ஊற்றுவார். அவர் வாளியை விடும் வேகத்தையும், ஒரு சொட்டு வீணாகாமல் கூட்டத்தின் தலைகளில் சரித்துவிடும் லாவகத்தையும் பாருங்கள். ஒரு கிணற்றின் நீர் உடம்பைச் சிலிர்க்க வைக்கும், அடுத்தது வெதுவெதுப்பாக இருக்கும். சுவையும் கிணற்றுக்குக் கிணறு மாறும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இத்தனை நல்ல தண்ணீரா என்று வியக்காதவர்கள் இல்லை. கடைசியாகக் கோடி தீர்த்தம். அந்த நீரைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

பிறகு உடை மாற்றிக்கொண்டுதான் சுவாமி சந்நிதிக்குப் போக முடியும். ஆகவே மாற்றுடையைக் கையோடு எடுத்துவாருங்கள். தரை முழுக்க ஈரமாக இருக்கும். பெரியவர்களின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திச் செல்லுங்கள். செல்போன் உள்ளே அனுமதியில்லை. விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போக விரும்பினால் முந்தைய இரவே ஊரில் தங்கிவிட வேண்டும்.

ராமர் பூசித்த லிங்கம் சீதை மணலால் பிடித்தது என்றும், அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் பூசை என்றும் தலபுராணம் சொல்கிறது. பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் இது ஒன்று. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். இங்கிருந்து மணலெடுத்துப்போய்க் காசியில் கரைத்து, அங்கிருந்து கங்கைநீர் கொண்டுவந்து இங்கே அபிஷேகம் செய்யும் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கோயில் தெருக்களில் நடந்தால் இந்தியும் தெலுங்கும் வங்காளமும் காதில் விழுந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

கோயிலில் பக்தர்கள் அல்லாதவர்கள் பார்க்க என்ன இருக்கிறது?

மூன்றாம் பிரகாரம். 18-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் கட்டி முடித்தது. 1212 தூண்கள் என்பது கணக்கு. எண்ணிப் பார்க்க வேண்டாம், ஒரு மூலையில் நின்று நேரே பாருங்கள். இருபுறத் தூண்களும் தூரத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இத்தனை கல்லுக்கும் மலையில்லாத தீவு இது. அத்தனையும் கடல் தாண்டி வந்தவை. நடை திறந்ததும் போனால் கூட்டமில்லாமல் நடக்கலாம்.

தனுஷ்கோடியை ‘பேய் நகரம்’ என்கிறார்களே, உண்மையா?

அப்படிச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே இறந்தவர்களின் உறவினர்கள் இந்தத் தீவில்தான் இருக்கிறார்கள். அந்த மணலில் இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கிறார்கள்.

நடந்தது இது. தனுஷ்கோடி ஒரு துறைமுக ஊர். சென்னை எழும்பூரில் ரயில் ஏறுபவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம். ‘போட் மெயில்’ என்று அதற்குப் பெயர். ரயில் நிலையம், தபால் நிலையம், மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை, நிலையத்துக்குச் சற்று முன்பே, கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த பயணிகள் யாரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

இன்று நிற்பவை மாதா கோயிலின் சுவர்கள், ரயில் நிலையத்தின் மிச்சம், சில கட்டடங்களின் முதுகெலும்புகள். பவளக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிக் கட்டிய சுவர்கள் அவை. அருகே போய்ப் பார்த்தால் கல்லில் பூப்போன்ற வரிகள் தெரியும். தயவுசெய்து சுவர்மேல் ஏறாதீர்கள், பெயர் கிறுக்காதீர்கள், கல்லைப் பெயர்த்து எடுக்காதீர்கள்.

2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போடப்பட்டது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அப்புறம் மணலிலும் தண்ணீரிலும் வண்டி குதித்துக் குதித்துப் போகும். இப்போது காரிலும் பஸ்ஸிலும் முனைவரை போகலாம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். மாலையில் ஒரு நேரத்துக்கு மேல் சோதனைச் சாவடியில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே காலையிலேயே போங்கள். சூரிய உதயத்துக்குப் போனால் மிகவும் நல்லது. திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில். விபீஷணன் ராமரிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்பது நம்பிக்கை. 1964 புயலில் அது தப்பி நின்றது.

காலை நேரத்தில் அந்தச் சாலையோரம் கரைவலை இழுப்பவர்களைப் பார்க்கலாம். நின்று பார்க்க வேண்டிய காட்சி. படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையில் இரண்டு குழுக்கள் பிடித்து இழுப்பார்கள். கயிற்றை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, உடம்பைச் சாய்த்து, பின்பக்கமாகவே அடி வைப்பார்கள். கரையின் மேட்டுக்கு வந்துசேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீர் ஓரத்துக்கு நடந்துபோய் மறுபடி முன்னால் பிடிப்பார். இப்படியே மணிக்கணக்கில் ஆள் மாறிக்கொண்டிருக்கும். இரண்டு குழுக்களும் மெல்ல மெல்ல நெருங்கி வருவதைப் பார்த்தால் வலை கரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மீன் சேரும் வலையின் மடி கரையேறியதும் காரலும் சாளையும் நெத்திலியும் துள்ளும். சில நாள் இத்தனை பாடுபட்டும் இரண்டு கூடை மீன்தான் வரும். கேட்டுவிட்டு, நீங்களும் கயிறு பிடிக்கலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

அங்கிருந்து இலங்கை தெரியுமா? போக முடியுமா?

கரை கண்ணுக்குத் தெரியாது. செல்போனில் மட்டும் சில சமயம் இலங்கைச் சிக்னல் வந்துவிடும். ரோமிங்கை அணைத்துவையுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து பயணிகள் கப்பல் இப்போது இல்லை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி அல்லது மார்ச்சில், முன்பே பதிவு செய்தவர்கள் ராமேஸ்வரத்திலிருந்து படகில் போய்வருகிறார்கள்.

கடலில் குளிக்கலாமா? குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம்?

அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு கடலும் சேரும் இடம், நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். பார்வைக்கு முழங்கால் ஆழம்போல இருக்கும், அடுத்த அடியில் மணல் சரியும். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், கேட்காதவர்களும் இருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு அரியமான் கடற்கரை. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே, சுந்தரமுடையான் பக்கம் திரும்ப வேண்டும். வடகடல், ஆழம் குறைவு, கரையோரம் சவுக்குத் தோப்பு நிழல். தென்கடல் பொங்கும் மாதங்களில் இங்கே அலையே இருக்காது. வாடைக் காற்று மாதங்களில் மட்டும் கவனம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. அங்கே பரிகாரத்துக்காக நீராடுபவர்கள்தான் அதிகம். திருப்புல்லாணி பக்கத்துச் சேதுக்கரையிலும் அப்படியே.

பவளப்பாறை பார்க்கலாமா? தீவுகளுக்குப் படகு உண்டா?

மன்னார் வளைகுடாவில் பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. நினைத்தபடி எந்தத் தீவிலும் இறங்க முடியாது. வனத்துறை அனுமதித்த இடங்களில், அவர்களுடைய படகில்தான் போக வேண்டும். பாம்பன் குந்துகாலுக்கு எதிரே இருக்கும் குருசடைத் தீவுக்கு அப்படிப் படகு விடுகிறார்கள். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று கூடினால் நிறுத்திவிடுவார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் இந்தக் கடலில் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் இருந்தது. அலையைத் தடுக்கும் பாறை போனதும் தீவின் மணலும் போனது. 21-இல் இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. மீதியைக் காப்பாற்றத்தான் இத்தனை காவல். கடற்பசு மேய்கிற கடற்புல் வெளிகளும் இங்கே இருக்கின்றன.

கூட்டமில்லாமல் படகில் போக விரும்பினால் தொண்டி பக்கத்துக் காரங்காட்டுக்குப் போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு போகும், துடுப்புப் படகும் உண்டு. வனத்துறையோடு சேர்ந்து ஊர்மக்களே நடத்துகிறார்கள். உள்ளூர்ப் பெண்கள் சமைத்துத் தரும் மீனும் நண்டும் கிடைக்கும். இந்த மாவட்டத்தில் சுற்றுலாவின் காசு நேரே ஊர்க்காரர் கைக்குப் போகும் நல்ல ஏற்பாடுகளில் இது ஒன்று. ஆகவே நான் எல்லோரையும் அங்கே அனுப்புகிறேன்.

பறவைகள்?

குளிர்காலத்தில் தனுஷ்கோடி நீர்ப்பரப்பில் பூநாரைகள் வருகின்றன. அந்தப் பகுதி 2025-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உள்நாட்டில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டைக் கண்மாய்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் போங்கள், கண்மாய் வறண்டால் பறவையும் இல்லை.

கீழக்கரை, ஏர்வாடிக்கு எல்லா மதத்தவரும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். போகாமல் வந்தால் இந்தக் கடற்கரையைப் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

கீழக்கரை பழைய துறைமுகம், கடல் வணிகத்தால் வளர்ந்த ஊர். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி இந்த ஊர்க்காரர். கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு தந்தவர். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அவர்தான். ஊரின் பழைய பள்ளிவாசல்களைப் பாருங்கள். கல்தூண்கள், போதிகைகள், பூவேலை எல்லாம் நம்மூர்க் கோயில் மண்டபத்தைக் கட்டிய அதே சிற்பிகளின் கைவண்ணம். கும்பமும் குவிமாடமும் இல்லாத, தட்டையான கற்கூரை. தொழுகை நேரத்தைத் தவிர்த்து, தலையை மூடிக்கொண்டு, அனுமதி கேட்டுப் போக வேண்டும். பெண்கள் உள்ளே செல்வது பற்றி அந்தந்தப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் சந்தனக்கூடு விழாவில் ஊரைச் சுற்றியுள்ள இந்துச் சமூகத்தாருக்கும் பரம்பரை உரிமைப் பணிகள் உண்டு. இரவு முழுக்க ஊர்வலம், விடியற்காலையில் சந்தனம் பூசுதல். மனநலம் குன்றியவர்களை அழைத்துவந்து தங்கும் குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

திருவாடானை பக்கம் ஓரியூரில் அருளானந்தர் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி கொல்லப்பட்டார். அங்கே சிவந்திருக்கும் மணலை அவரது குருதி பட்ட மண் என்று மக்கள் எடுத்துச்செல்கிறார்கள்.

ராமநாதபுரம் நகரத்தில் பார்க்க ஏதாவது உண்டா?

ராமலிங்க விலாசம் அரண்மனை. 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களுக்காகவே போகலாம். சுவர், தூண், கூரை எதையும் விடாமல் வரைந்திருக்கிறார்கள். தஞ்சை மராட்டியரோடு சேதுபதி படை பொருதும் காட்சி, ஐரோப்பியர்கள் மன்னரைக் காண வந்திருக்கும் காட்சி, ராமாயணம், பாகவதம், அந்தப்புரம். தொப்பிக்காரர்களின் கால்சட்டையை ஓவியர் எத்தனை கவனத்தோடு வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். தீவுக்கு ஓடும் கூட்டம் இதைத் தாண்டிப் போய்விடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

அங்கிருந்து திருப்புல்லாணி அருகில்தான். ராமர் தர்ப்பையில் சயனித்திருக்கும் திவ்யதேசம். பாயசப் பிரசாதம் பெயர்பெற்றது. உத்தரகோசமங்கையில் மரகத நடராசருக்கு மார்கழித் திருவாதிரைக்கு மட்டும் சந்தனக்காப்பைக் களைவார்கள். அன்று கூட்டம் அலைமோதும்.

கலாம் வீடு, விவேகானந்தர் நினைவிடம் எங்கே?

அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த வீடு ராமேஸ்வரம் மசூதித் தெருவில், கோயிலிலிருந்து நடக்கும் தூரம். அவருடைய நினைவிடம் பேய்க்கரும்பில், தீவுக்குள் வரும் சாலையிலேயே இருக்கிறது. 2017-இல் திறக்கப்பட்டது. வீட்டை முதலில் பாருங்கள். எந்தத் தெருவிலிருந்து கிளம்பினார் என்று தெரிந்தபின் நினைவிடம் இன்னும் நன்றாகப் புரியும். விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து கொழும்பு வழியாகத் திரும்பி, 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கிய இடம் குந்துகால். பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். மாலை நேரத்தில் போங்கள்.

என்ன சாப்பிடலாம்?

கோயிலைச் சுற்றிச் சைவ உணவகங்கள்தான். வடநாட்டு யாத்திரிகர்களுக்கான ரொட்டியும் பருப்பும்கூடக் கிடைக்கும். மீனுக்குப் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வர வேண்டும். அன்று கரைக்கு வந்தது என்ன என்று கேட்டு வாங்குங்கள். விளைமீன், சீலா, பாறை, ஊளி, கணவாய், நண்டு எதுவாக இருந்தாலும் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலையும் கூடும்.

குழம்பின் நிறத்துக்கும் காரத்துக்கும் காரணம் ராமநாதபுரம் முண்டு மிளகாய். உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் தாங்காதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

கீழக்கரையில் தொதல் வாங்காமல் திரும்பாதீர்கள். தேங்காய்ப்பால், அரிசிமாவு, கருப்பட்டி சேர்த்து, பெரிய சட்டியில் விடாமல் கிண்டுவார்கள். கொஞ்சம் கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். பல மணி நேரம் கழித்துத் தேங்காயெண்ணெய் பிரிந்து மேலே மினுமினுக்கும்போதுதான் இறக்குவார்கள். கறுத்து, பளபளத்து, கத்திக்கு வளைந்துகொடுக்கும். எடுத்துவைத்து நாள்கணக்கில் சாப்பிடலாம். அன்றே வீட்டில் தீர்ந்துவிடுவதுதான் வழக்கம்.

சாயல்குடி பக்கம் கருப்பட்டி, கோடையில் பதநீரும் நுங்கும், தை மாதத்தில் பனங்கிழங்கு. இவையெல்லாம் சாலையோரத்தில் பனையேறிகளின் குடும்பங்களே விற்பவை. பேரம் பேச வேண்டாம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பனையேறி இறங்குவது எத்தனை கடினம் என்று பார்த்தவர்களுக்குப் பேரம் பேச மனம் வராது.

உள்ளூர்த் திருவிழா, விளையாட்டு எதையாவது பார்க்க முடியுமா?

தேதியைப் பொறுத்தது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் கடல் தெரியாத அளவு கூட்டம், அமைதி தேடுபவர்கள் அந்த நாள்களைத் தவிர்க்கவும். கிராமங்களில் அம்மன் கோயில் முளைப்பாரியும் ஒயிலாட்டமும் கும்மியும் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எனக்கு மிகவும் பிடித்தது தொண்டி பக்கத்துக் கடலோர ஊர்களில் கோயில் விழாக்களின்போது நடக்கும் பாய்மரப் படகுப் போட்டி. எஞ்சின் கிடையாது. காற்று கூடும்போது படகு கவிழாமல் இருக்க, எதிர்ப்பக்கம் நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி நின்று தங்கள் எடையால் சமன் செய்வார்கள். பாய் புடைத்து, படகின் ஒரு பக்கம் தண்ணீரைத் தொட, மறுபக்கம் அந்தரத்தில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். கரையில் ஊரே கத்தும். சுற்றுலாக் கையேடுகளில் இந்தப் போட்டி வருவதில்லை. விழாச் சுவரொட்டியைப் பார்த்தோ, டீக்கடையில் கேட்டோதான் தெரிந்துகொள்ள முடியும்.

ஞாபகமாக என்ன வாங்கலாம்?

கருப்பட்டி, தொதல், முண்டு மிளகாய், பனையோலைக் கொட்டான். சிப்பி, சங்குக் கடைகள் கோயிலைச் சுற்றி நிறைய இருக்கின்றன. பவளத் துண்டு, கடற்குதிரை, உலர்ந்த கடலட்டை யார் விற்றாலும் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம், வாங்குபவருக்கும் வழக்கு வரும். கரையில் கிடக்கும் பவளத்துண்டையும் எடுத்துவராதீர்கள்.

மீனவர்களையும் பாசி எடுக்கும் பெண்களையும் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். ஈரச் சேலையோடு, கையில் துணி சுற்றிக்கொண்டு, பாறைக்கு நடுவே மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்கள் வேலை நேரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் காட்சிப் பொருள் இல்லை. நின்று பேசினால் எந்தக் காற்றில் எந்தப் பக்கம் பாசி கிடைக்கும், எந்த நாளில் கடலுக்குப் போகமாட்டார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். பாம்பனில் மீனவர்களுக்காகவே இயங்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி 90.4-இல் வருகிறது. காரில் போகும்போது வைத்துக் கேளுங்கள். காற்று நிலவரமும் மீனவர்களின் குரலும் அதில் கேட்கும்.

வயதானவர்களோடு வருகிறோம். எதைத் தவிர்க்கலாம்?

22 தீர்த்தத்தையும் ஆடியே தீர வேண்டும் என்றில்லை. அக்னி தீர்த்தத்தில் கால் நனைத்துவிட்டு, கோடி தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு தரிசனம் செய்பவர்கள் பலர். தனுஷ்கோடிக்கு நண்பகலில் போகாதீர்கள், வழியில் நிழல் கிடையாது. குடிதண்ணீரும் குடையும் வண்டியில் இருக்கட்டும். ராமநாதபுரத்தில் அறை எடுத்தால் மருத்துவமனையும் மருந்துக் கடைகளும் பக்கத்திலேயே இருக்கும்.